சூடு என்று சொன்ன நோய்

மலாயாவில் பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் என் அண்ணன் கிராணியாக, ஆபீஸ் குமாஸ்தாவாக, இருந்தான். வயது முப்பத்தொன்று. மலத்தில் இரத்தம் போவதை முதலில் அப்பாவிடம்தான் சொன்னான். சூட்டினால் வந்த மூலம் என்றார் அப்பா. தோட்டத்து மருந்தகத்து டிரஸ்ஸரும் அவனைச் சோதிக்காமலே மூலத்துக்குக் களிம்பு கொடுத்தார்.

பிறகு வீட்டில் காரணம் தேடும் வேலை தொடங்கியது. கருவாடு, மிளகாய், கள், ஆபீசில் நாள் முழுதும் நாற்காலியில் உட்கார்வது என்று அப்பா ஒவ்வொன்றாகக் குற்றம் சொன்னார். நாற்காலியைத் தவிர மற்றதையெல்லாம் அண்ணன் விட்டான். கள்ளை விட்டதற்காக லயத்துத் தொழிலாளர்கள் அவனைச் சாமியார் என்று கூப்பிட்டார்கள். சூடு தணிய அப்பாவே அவனுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். இப்படிப் பதினான்கு மாதம் போயிற்று.

நான் சிங்கப்பூரில் ஒரு பத்திரிகையில் வேலை பார்த்தேன். விடுப்பில் வந்தபோது அவன் இடுப்பில் கால்சட்டை நிற்கவில்லை. மறுநாளே அவனைச் சிகாமட் ஆஸ்பத்திரிக்கு ரயிலில் அழைத்துப்போனேன். அப்பாவும் வந்தார்.

டாக்டர் சோதித்துவிட்டு, குடலில் கட்டி என்றார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வந்ததுண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"எங்க வம்சத்திலே அப்படி ஒண்ணும் இல்லே" என்றார் அப்பா.

அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டார். கட்டி ஈரலுக்கும் பரவிவிட்டதாக இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது.

அன்று மாலை எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அண்ணனைப் பார்க்க வந்தார். வராந்தாவில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "உங்க தாத்தாவும் பெரியப்பாவும் இப்படித்தான் தம்பி போனாங்க. ரெண்டு பேரையும் உங்க அப்பாதான் கூட இருந்து பாத்தாரு."

நான் டாக்டரிடம் போனேன். இந்த நோய்க்குக் காரணம் இன்னதென்று தம்மால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆனால் சில குடும்பங்களில் இது தொடர்ந்து வருகிறது. அது தெரிந்திருந்தால் முதல் மாதமே சோதித்திருக்கலாம், வெட்டி எடுக்கவும் வழி இருந்திருக்கும் என்றார்.

அப்பாவிடம் நேராகவே கேட்டேன். அவர் மறுக்கவில்லை. அந்தச் சமயம் எங்கள் தங்கைக்கு ஆயர் ஈத்தாமில் ஒரு வீட்டில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்.

"குடும்பத்து வியாதின்னு தெரிஞ்சா எவன் வருவான்?"

அப்படியானால் கருவாடும் கள்ளும் என்ன கணக்கு என்று கேட்டேன்.

"கேக்கிறவனுக்கு ஏதாச்சும் ஒண்ணு சொல்லணுமில்ல."

அண்ணனிடம் சொல்ல வேண்டாமென்றார். நான் சொன்னேன்.

"தெரிஞ்சுகிட்டேதான் எண்ணெய் தேச்சு விட்டாரா?" என்றான். பிறகு, "தங்கச்சிகிட்ட சொல்லிடு. கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல்லு. அவளாவது ரத்தத்தைப் பாத்தா மூலம்னு உக்காந்திருக்க வேணாம்" என்றான்.

மறுநாள் அண்ணனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நானும் அப்பாவும் வீட்டுக்குத் திரும்பினோம். தங்கை அடுப்படியில் இருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்லிவிடச் சொன்னாள். பிறகு ஒன்று கேட்டாள்.

"என்கிட்ட அப்பா எப்பச் சொல்லியிருப்பாரு?"

அப்பா காதில் விழும் தூரத்தில், முன்னறையில்தான் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அவர் பதில் சொல்வார் என்று இருவரும் காத்திருந்தோம். அவர் எழுந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.