தலையாட்டிவிட்டு வந்த நாள்

இரண்டாவது தடவை கதிர்ச் சிகிச்சை தரலாமா என்று பேசிய அன்று, டாக்டரம்மா அறைக்குள் நான் மட்டும்தான் போனேன். மனைவி வெளியே மகளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு ஒன்பது வயது. ஏழு வயதில் மூளையிலிருந்த கட்டியை எடுத்து, வாரத்துக்கு ஐந்து நாளாக ஆறு வாரம் கதிர் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அதே இடத்தில் அது திரும்ப வந்திருந்தது.

டாக்டரம்மா நிதானமாகத்தான் சொன்னார். இந்தத் தடவை கட்டியைச் சுருக்கப் பார்க்கலாம், இல்லாமல் ஆக்க முடியாது. முதலில் வாங்கிய கதிரும் மூளைக்குக் கணக்கில் சேரும், அதனால் குறைவாகத்தான் தர முடியும். தலைவலி குறையலாம், நடை தெளியலாம், சில மாதங்கள் கிடைக்கலாம். கெடுதலும் வரலாம். வேண்டாம் என்று விட்டாலும் தப்பில்லை.

"புரிஞ்சுதுங்களா? எதாவது கேக்கணுமா?"

தலையாட்டினேன். மந்தைவெளியில் தள்ளுவண்டியில் துணி தேய்க்கிறவன் நான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். காலர் சரியில்லை என்று யாராவது சத்தம் போட்டாலும் தலையாட்டல்தான் என் பதில். கேட்க வேண்டியதைக் கேட்காமலே எழுந்து வந்தேன்.

வெளியே வந்ததும் மனைவி எழுந்தாள். "இன்னாயா சொன்னாங்கோ?"

"போன தடவ மாதிரிதான். திருப்பியும் கரண்ட் வெக்கணுமாம்."

கதிர் கொடுப்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவள் முகம் தெளிந்தது. போன தடவை மாதிரியே சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள். நான் மகள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

ஒரு வாரம் கழித்து மாஸ்க் எடுக்கக் கூப்பிட்டார்கள். கதிர் விழும்போது தலை அசையாமல் இருக்க, முகத்தின் மேல் போட்டுப் படுக்கையோடு பூட்டும் பிளாஸ்டிக் வலை அது. பஸ்ஸில் மனைவி மடியில் ஒரு துணிப்பை. பழைய மாஸ்க்கை என் கிழிந்த லுங்கியில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். போன தடவை மாதிரிதான் என்றால் அதுவே போதுமே, பிள்ளை மறுபடி பயப்பட வேண்டாமே என்று. அந்தப் பைக்குள் இருந்தது என் பொய். இறங்குவதற்குள் சொல்லியிருக்கலாம். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மாஸ்க் செய்யும் தம்பி அதை வாங்கி மகள் முகத்தில் வைத்துக் காட்டினார். மாத்திரையில் உப்பியிருந்த கன்னம் உள்ளே போகவில்லை.

"இது ஆகாதும்மா. பாப்பா வளந்துட்டா இல்ல?"

"குண்டாயிட்டேன்னு சொல்றாரும்மா," என்றாள் மகள்.

"புதுசே செய்யுங்க தம்பி. அதே முப்பது நாளுதானே?" என்றாள் மனைவி.

"இல்லம்மா, இந்தத் தடவ பத்துதான். அது வேற, இது வேற. டாக்டர் அப்பாகிட்ட சொல்லியிருக்காங்களே."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

வெந்நீரில் போட்டு இளக்கிய பிளாஸ்டிக் தாளை மகள் முகத்தில் விரித்து அழுத்தினார்கள். அது இறுகும் வரை அவள் என் சுண்டுவிரலை விடவில்லை. பிறகு ஸ்கேனுக்காக எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள்.

"இன்னா வேற?" என்றாள் மனைவி.

அந்தக் கதவைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"ஒரு வாரமா வவுத்துல வச்சிக்கினு, என் கையால சோறு வாங்கித் துன்னுகினு இருந்தியா? வர்ற வருசத்துக்கும் ஆவட்டும்னு யூனிபாரத்தப் பெருசா தெக்கச் சொல்லிட்டு வந்தேனேயா."

எழுந்து நேராக டாக்டரம்மாவிடம் போனாள். நான் பின்னால் போனேன். வலிக்குமா, நடப்பாளா, எத்தனை மாதம் என்று நான் கேட்காமல் விட்டதையெல்லாம் அவள் கேட்டாள். எதற்கும் உறுதியான பதில் இல்லை. கடைசியாக, "நடுவுல வேணாம்னு தோணிச்சுன்னா?" என்றாள்.

"எந்த நாளும் நிறுத்திக்கலாம்மா. நீங்க சொன்னாப் போதும்."

அதைக் கேட்டதும் கொஞ்சம் மூச்சு வந்தது. அதுதான் பெரிய பூட்டு என்று அப்போது தெரியவில்லை.

கதிர் தொடங்கியதும் ஒவ்வொரு காலையிலும், வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் மனைவி என் எதிரில் வந்து நின்றாள். "போலாமா, வேணாமா? வாயத் தொறந்து சொல்லு." தலையாட்டினால் நகரமாட்டாள். முதல் நான்கு நாள் எப்படியோ "போலாம்" என்று சொல்லிவிட்டேன். நான்காம் நாள் திரும்பும்போது மகள் பஸ்ஸில் வாந்தி எடுத்து, என் தோளில் சாய்ந்து வீடு வரை கண் திறக்கவே இல்லை.

ஐந்தாம் நாள் காலை மனைவி வந்து நின்று அதையே கேட்டாள். குரலில் கோபம் இல்லை. அவளுக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். வேண்டாம் என்றால் அந்தச் சில மாதங்களை நான் பறித்ததாகும். போகலாம் என்றால் இன்றைய வாந்தி நான் கொடுத்ததாகும். வாசலில் மகள் ஒரு காலில் செருப்போடு நின்று எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போலாம்," என்றேன்.

"இன்னொண்ணு கட்டிலுக்கு அடியில கீது நைனா," என்றாள் மகள். "என்னால குனிய முடியல."

குனிந்து எடுத்து அவள் காலில் மாட்டிவிட்டேன்.