மண்டபத்துக்கு ஒரு தேதி

இன்று காலை எங்கள் தீவின் கராச்சர்மா பஸ்ஸில் ஒருவர், போன வருட எல்லைச் சண்டையின் முதலாண்டு நினைவு நிகழ்ச்சியைப் போனில் சத்தமாக வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"அரே, அடுத்த தடவை பூரா முடிச்சிடணும்" என்றார்.

"முடிக்க நீங்களும் போறீங்களா?" என்று கேட்டார் முன்சீட்டில் இருந்த செல்வியக்கா. அவர் மகன் ராணுவத்தில் இருக்கிறான். சண்டையால் லீவு ரத்தாகி, போன வருடம் அவன் கல்யாணம் நின்றுபோனது.

பிறகு செல்வியக்கா என்னைப் பார்த்தார்.

"நீங்க பேப்பர்காரர். மறுபடி சண்டை வருமா அண்ணே? ஆவணியில மண்டபம் சொல்லலாமா?"

"ஆவணின்னா மழையாச்சே. கப்பல் நின்னா மெயின்லேண்ட் சொந்தக்காரங்க எப்படி வருவாங்க?" என்றேன்.

"அவங்க வராட்டி பரவால்ல. மாப்பிள்ளை வரணுமே."

முப்பது வருடம் செய்தி எழுதியும் எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் கீழே கமெண்டில் எழுதுங்கள். மண்டபக்காரருக்கு செல்வியக்கா இன்று மாலைக்குள் சொல்ல வேண்டும்.