தவமணி அக்கா கையெழுத்திட்ட கண்டனம்

1. இதை எழுதுபவன் செல்லத்துரை ஆனந்தராசா. லுட்சேர்ன் நகரில் உறுதிப் பத்திரங்கள் எழுதும் நொத்தாரிசாகத் தொழில் செய்பவன்.

2. காலஞ்சென்ற திருமதி தவமணி நடராசா எனக்கு இரத்த உறவினர் அல்லர். எம்மன்புரூக்கேயில் ஒரே மாடிக் கட்டடத்தில் ஒன்பது ஆண்டுகள் அவருக்கு அயலவனாக இருந்தேன். அக்கா என்றே அழைத்தேன்.

3. அவருடைய முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்காக, அவருடைய கணவர் கேட்டுக்கொண்டபடி இதை எழுதுகிறேன். நானே கண்டதையும் கேட்டதையும் மட்டும் சொல்கிறேன். பிறர் சொல்லி அறிந்ததை அவ்வாறே குறிப்பிடுகிறேன்.

செய்தி வந்தபோது நான் ஒரு வீட்டு விற்பனை உறுதியை இரு தரப்பினருக்கும் வாசித்துக்கொண்டிருந்தேன். மேசையில் கிடந்த தொலைபேசியில் நடராசா அண்ணையின் பெயர் தோன்றி மறைந்தது, மறுபடி தோன்றியது. வாசிப்பை முடித்து, கையொப்பங்களைப் பெற்று, வந்தவர்களை வாசல்வரை அனுப்பிவிட்டுத்தான் அழைத்தேன்.

"தம்பி, அக்கா போட்டா," என்றார். "குசினியிலை கதிரையிலை இருந்தவ. தேத்தண்ணி ஆறுதெண்டு கூப்பிட்டனான். திரும்பிப் பாக்கேல்லை."

ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போயிருந்தேன். மலருக்கு எழுதும்படி அப்போதுதான் கேட்டார். "அவவின்ரை அந்தப் பால் கதையையும் எழுதும். சனம் ஒருக்காச் சிரிக்கட்டும்," என்றார்.

பால் கதை உங்களில் பலருக்குத் தெரியும். கோயிலிலும் கலியாண வீடுகளிலும் சொல்லப்பட்ட கதை அது. தவமணி அக்கா நல்ல நாளுக்கு அவசரப்பட்டு, வீடு தன் பெயருக்கு வரும் முன்பே அதற்குள் போய்ப் பால் காய்ச்சினார்; அதனால் வீடு கைநழுவப் பார்த்தது; வெள்ளைக்காரர்கள் கூட்டம் போட்டு அவரைக் கண்டித்தார்கள் என்பது கதை. "முந்திப் பால் காய்ச்சின தவமணி" என்று அவருக்கு ஒரு பட்டமும் உண்டு. நடராசா அண்ணையே அதை அதிகம் சொன்னவர். அக்காவும் கூடச் சிரிப்பார்.

கதை அரைவாசி சரி. மீதி அரைவாசியைச் சொல்லும் கடமை எனக்கு மட்டுமே உண்டு.

அக்கா எண்பதுகளில் இந்நாட்டுக்கு வந்து டாவோஸ் விடுதி ஒன்றின் சமையலறையில் கோப்பை கழுவியதாகச் சொல்வார். நான் அறிந்த காலத்தில் எம்மன்புரூக்கேயில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தார். சொந்த வீடு என்ற பேச்சு அந்தக் குடும்பத்தில் 2009 வரை இருக்கவில்லை. ஊரில் போர் முடிந்த அந்த ஆண்டு வைகாசிக்குப் பிறகு ஒருநாள் மாடிப்படியில் நின்று என்னிடம் சொன்னார்: "இனி எங்கை தம்பி போறது? இஞ்சைதான் சாகிறது. அப்ப சொந்தக் கதவுக்கு உள்ளுக்காவது சாவம்."

சில ஆண்டுகளில் அது வெறும் பேச்சாக இராமல் அவசரமாயிற்று. நடராசா அண்ணைக்குப் பாரிசவாதம் வந்து வலது காலும் கையும் தளர்ந்தன. அவர்கள் மூன்றாம் மாடி, மின்தூக்கி இல்லை. அதற்கிடையில் கட்டடத்தை உள்ளே முழுவதும் இடித்துப் புதுப்பிக்கப்போவதாகக் கூறி, ஜூலை இறுதிக்குள் வெளியேறுமாறு உரிமையாளர் எல்லோருக்கும் அறிவித்தல் அனுப்பினார். தரைத்தளத்தில் வாடகை வீடு கேட்டு அக்கா போட்ட விண்ணப்பங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

அப்போது வழி காட்டியவர் ஹெடி என்ற சுவிஸ் மூதாட்டி. அக்கா வேலை செய்த இல்லத்துக்கு நாள்தோறும் மதிய உணவுக்கு வருபவர். ஆற்றோரம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட வரிசை வீடுகளில் ஒன்று அவருடையது. அவர் இல்லத்துக்கே குடிபெயர இருந்தார். வீட்டை அக்காவுக்கு விற்க விரும்பினார். கீழே ஓர் அறை, சமையலறை, பின்னால் நாலு பாத்தி நிலம். அண்ணை படி ஏறத் தேவையில்லை.

ஒரு நிபந்தனை இருந்தது. அந்தக் குடியிருப்பில் எந்த வீடு கைமாறினாலும் அங்குள்ளோரின் சங்கம் சம்மதிக்க வேண்டும் என்று காணிப் பதிவிலேயே எழுதப்பட்டிருந்தது. சங்கம் மறுத்தால் வீட்டைத் தானே வாங்கலாம். விற்பனையை நடத்தியது நான் அப்போது உதவியாளனாக இருந்த அலுவலகம். உறுதி எழுதும் நாள் ஜூலை மூன்றாம் வாரத்தில் குறிக்கப்பட்டது.

அக்கா நாட்காட்டியைப் பார்த்துவிட்டு என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, அது ஆடி."

"ஓம் அக்கா. வேறை நாள் இல்லை."

"கையெழுத்து உங்கடை சட்டத்துக்கு. அது ஆடியிலை நடக்கட்டும். ஆனா ஆடியிலை நான் குடிபூரமாட்டன். ஆனி முடியமுதல் பாலைக் காய்ச்சிப்போட்டு வந்தால், பிறகு சாமானைத் தூக்கிக்கொண்டு எப்பவும் போகலாம். ஹெடி அம்மா ஓம் எண்டுட்டா."

நான் மறுத்தேன். பிறகு இணங்கினேன், ஆனால் என் முறைப்படி. ஹெடி தம் சமையலறையை இரண்டு மணி நேரம் பயன்படுத்த அனுமதிப்பதாகவும், அடுப்பை ஹெடியே இயக்குவார் எனவும், இதனால் எவருக்கும் எவ்வித உரிமையும் பிறக்காது எனவும் ஓர் ஒப்புதல் எழுதினேன். நாலு பக்கம் வந்தது. "பால் பொங்கப் பத்து நிமிசம். அதுக்கு நாலு பக்கமோ?" என்று கேட்டுவிட்டு அக்கா ஒப்பமிட்டார்.

ஆனி மாதத்து ஞாயிறு காலை ஒன்றில் பால் காய்ச்சினோம். ஒப்புதலின்படி ஹெடி அடுப்பைத் திருகினார். பால் பொங்கி வழிந்து சூடான தட்டில் தீய்ந்து மணத்தபோது ஹெடி பதறித் துணியோடு பாய்ந்தார். அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "விடுங்கோ. அது வழியத்தான் வேணும்," என்று முதலில் தமிழில் சொல்லி, பிறகு தன் டாவோஸ் ஜேர்மனில் சொன்னார். ஐம்பது வருடம் அந்த அடுப்பைப் பளபளப்பாக வைத்திருந்தவர், கண்களை மூடிக்கொண்டு நின்றார்.

எட்டாம் நாள் சங்கத்திலிருந்து பதிவுக் கடிதம் வந்தது. சம்மதம் பெறும் முன்பே வாங்குபவர்கள் வீட்டைத் தமதாக்கிக்கொண்டதாகத் தெரிகிறது, சம்மதத்தை மறுப்பது பற்றி விசாரணைக் கூட்டம் நடைபெறும், வந்து விளக்கமளிக்கவும். ஆதாரமாக ஒரு கடிதத்தின் பிரதி இணைக்கப்பட்டிருந்தது.

அந்தக் கடிதம் நான் எழுதியது.

சங்க விதிகளில் ஒன்று, வெளியார் வீட்டைப் பயன்படுத்துமுன் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்கிறது. அதைக் கண்டதும், ஹெடியின் பெயரில் ஓர் அறிவித்தலைத் தயாரித்து, அவர் ஒப்பமிட வேண்டிய மற்றத் தாள்களோடு வைத்தேன். என்னை நம்பி அவர் வாசிக்காமலே ஒப்பமிட்டார். அக்காவிடம் சொல்லாமலே சங்கத்துக்கு அனுப்பினேன்; சொல்ல வேண்டியதாக அது எனக்குத் தோன்றவே இல்லை. பால் காய்ச்சுவது என்றால் என்ன என்று அந்நியருக்கு விளங்க வேண்டும் என்பதற்காக ஒரு வரியும் சேர்த்திருந்தேன்: "இச்சடங்கின் மூலம், வாங்குபவர்களின் வழக்கப்படி, வீடு அவர்களுடையதாகிறது." அந்த வரியின் கீழ்ச் சங்கம் சிவப்பு மையால் கோடிட்டிருந்தது.

கூட்டத்துக்குப் போகும் பேருந்தில் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளன் என்ற பெயரில் நானும் உடன் போனேன். அவர் சன்னலைப் பார்த்தபடி கேட்டார்.

"எழுதினதை எனக்கு வாசிச்சுக் காட்டியிருந்தால், அனுப்பாதேயும் எண்டு சொல்லியிருப்பன்," என்றார்.

"கூட்டத்திலை நான் சொல்லுறன் அக்கா. பிழை என்னுடையது."

"சொன்னால் உம்மடை அலுவலகம் என்ன செய்யும்?"

இரு தரப்புக்கும் பொதுவான அலுவலகத்தில் இருந்துகொண்டு ஒரு தரப்புக்குத் தனியாகத் தாள் எழுதியது முறைகேடு. இலையுதிர் காலத்தில் எனக்கு நொத்தாரிசுப் பரீட்சை. இதை அவருக்குச் சுருக்கமாகச் சொன்னேன்.

"அப்ப வாயைப் பொத்திக்கொண்டு வாரும்."

"அக்கா, வீடு போகும்."

"நீர் சொன்னாலும் போறதெண்டால் போகும். பிறகு வீடும் உம்மடை வேலையும் இரண்டும் ஏன் போகவேணும்?"

கூட்டம் குடியிருப்பின் சலவை அறைக்குப் பக்கத்து மண்டபத்தில் நடந்தது. செயற்குழுவில் ஐந்து பேர். தலைவர் வால்டர், ஓய்வுபெற்ற தொழிற்சாலை மேற்பார்வையாளர். ஹெடி இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் இருந்ததால் வரவில்லை. வால்டர் என் வரியை உரக்க வாசித்தார். முன்பு ஒருவர் இப்படி முந்திக் குடியேறி, பிறகு வீட்டை அறை அறையாக வாடகைக்கு விட்டதை நினைவூட்டினார். பிறகு கேட்டார்: "இதைச் செய்யச் சொன்னது யார்?"

அக்கா மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை.

"நான்தான் கேட்டேன். எங்களுக்கு ஆடி மாதம் கூடாது. அதுதான் அவசரம்."

"வீடு உங்களுடையதாகிவிட்டது என்று நினைக்கிறீர்களா?"

"இல்லை. பால் பொங்கினது. வீடு உங்களிடம்தான் இருக்கிறது. என் கணவரால் படி ஏற முடியாது. அதனால் கேட்டு வந்திருக்கிறேன்."

அவருடைய ஜேர்மன் டாவோஸ் சமையலறையில் பிடித்த மலைநாட்டு ஜேர்மன். அதைக் கேட்டு இருவர் புன்னகைத்தார்கள். வால்டர் புன்னகைக்கவில்லை. முடிவு எழுத்தில் வரும் என்றார். நான் ஒரு சொல்லும் பேசவில்லை. என்னுடைய பெயர் வருகைப் பதிவில் மொழிபெயர்ப்பாளர் என்று இருக்கிறது; எதையும் மொழிபெயர்த்ததாக நினைவில்லை.

பதினொரு நாட்கள் கடிதம் வரவில்லை. உறுதி எழுதும் நாளும் தள்ளிப்போயிற்று. பழைய வீட்டில் சாமான்கள் பெட்டிகளில் கட்டிக் கிடந்தன. கட்டடத்தில் மற்றக் குடும்பங்கள் போய்விட்டன. எங்கள் குடும்பமும் போயிற்று. கீழ்த்தளத்தில் வேலையாட்கள் கதவுகளைக் கழற்றத் தொடங்கியிருந்தார்கள். நான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும் வழியில் அங்கே இறங்குவேன். அக்கா தபால் பெட்டியருகே நிற்பார்; என்னைக் கண்டதும் தலையை ஆட்டி இல்லை என்பார். ஒருநாள் அண்ணை மேலிருந்து சத்தமாகக் கேட்டார்: "பால் காய்ச்சின ராணி, வீடு வந்துட்டுதோ?" அக்கா என்னைப் பார்க்காமலே, "ஓம், பின்னாலை வருது," என்று பதில் கொடுத்தார். அன்றே அண்ணையிடம் சொல்லியிருக்கலாம். படி ஏறவில்லை.

வெளியேற நாலு நாள் இருக்கையில் முடிவு வந்தது. மூவர் ஆதரவு, இருவர் எதிர்ப்பு. சம்மதம் உண்டு; ஆனால் சங்க விதியை மீறியதற்காக வாங்குபவர் கண்டிக்கப்படுகிறார்; அவர் அதை ஏற்று ஒப்பமிட வேண்டும்; அது சங்கக் கோப்பில் இருக்கும். உண்மையில் மீறப்பட்ட விதி எதுவுமில்லை. என் ஒரு வரிதான் அதை மீறலாகக் காட்டியது. அதை நிரூபிக்க நான் பேச வேண்டியிருந்தது. அக்கா கண்டனத்தை மேசையில் வைத்து, சாய்வில்லாத தன் எழுத்தில் முழுப் பெயரையும் எழுதினார்.

பரீட்சையில் தேறிய பிறகு அந்த வீட்டுக்குப் போய், இனிச் சொல்லிவிடலாம் என்றேன். அவர் பாத்தியில் கீரை பிடுங்கிக்கொண்டிருந்தார். "அண்ணைக்கு வீடு இருக்கு. உமக்கு வேலை இருக்கு. நான் இருக்குமட்டும் அதைக் கிளறாதேயும்," என்றார். நான் கீழ்ப்படிந்தேன். கீழ்ப்படிவது எனக்கு வசதியாகவும் இருந்தது என்பதை இங்கே பதிய வேண்டும்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரு பழக்கம். எவருக்காக எதை எழுதினாலும், அனுப்புமுன் அதை அவருக்கு அவருடைய மொழியில் முழுவதும் வாசித்துக் காட்டுகிறேன். இதுவரை ஏழெட்டுக் கடிதங்கள் அப்படி வாசித்த பின் அனுப்பப்படாமல் நின்றிருக்கின்றன.

இதை அவருக்கு வாசித்துக் காட்ட இயலாது. ஆகவே நேற்று மாலை அவருடைய சமையலறையில் நடராசா அண்ணைக்கு வாசித்தேன். பக்கத்து வீட்டு வால்டரையும் அழைத்து, ஜேர்மனில் சொன்னேன். இதன் ஜேர்மன் பிரதி சங்கக் கோப்பில் அந்தக் கண்டனத்தோடு சேர்க்கப்பட வேண்டும் என்று கேட்டேன். வால்டர் சம்மதித்து ஒப்பமிட்டார். அன்று ஆதரித்த மூவரில் தானும் ஒருவர் என்று மட்டும் சொன்னார்.

அண்ணை முடியும்வரை கேட்டார். பிறகு, "பேருந்திலை கதைச்சதை ஒருக்கா வாசியும்," என்றார். வாசித்தேன்.

"இவ்வளவு வருசமும் நான் அவவைப் பகிடி பண்ணினனான், தம்பி."

"ஓம் அண்ணை."

"நீர் பக்கத்திலை இருந்து தேத்தண்ணி குடிச்சனீர்."

"ஓம்."

என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தாளைத் தன் பக்கம் இழுத்து, பேனையை இடக்கையில் எடுத்தார். ஒவ்வோர் எழுத்தாக, மெல்ல, தன் பெயரை எழுதி முடிக்கும்வரை நான் நின்றுகொண்டிருந்தேன்.

மேற்கண்டவை உண்மை என உறுதிப்படுத்தி ஒப்பமிடுபவன்,
செ. ஆனந்தராசா
எம்மன்புரூக்கே

என் கையொப்பத்துக்குச் சாட்சிகள்:
வால்டர், அயலவர், சங்கத்தின் அன்றைய தலைவர்
சி. நடராசா, கணவர்