தலைமாடும் கால்மாடும்

ஆஸ்பத்திரி வார்டில் ஆயா வேலை பார்க்கும் அவளைக் கடிகாரம் என்பார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சொல்லி வைத்தாற்போல் வந்து நிற்பாள். எழுந்திருக்க முடியாத நோயாளியின் முதுகுக்கடியில் கையைக் கொடுத்து, இந்தப் பக்கம் படுத்திருப்பவரை அந்தப் பக்கம் திருப்பி, முதுகைத் துடைத்து, விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துவிடுவாள்.

“வந்துட்டாய்யா மணியடிக்க! கண்ண மூட விடமாட்டியா தாயி?” என்று முனகுவார் ஒரு பெரியவர்.

“மூடுங்க, யாரு வேணாம்னா? கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க. உங்க கனம் எனக்குத்தான தெரியும்.”

பத்தொன்பது வருஷம். அவள் கைபட்ட உடம்பு ஒன்றில்கூடப் படுக்கைப் புண் வந்ததில்லை. வீட்டிலிருந்தே புண்ணோடு வருகிறவர்களைக் கண்டால் மட்டும் பொல்லாத கோபம் வரும். “யாரு பாத்துக்கிட்டது இவர?” என்று சொந்தக்காரர்களை நிற்க வைத்துக் கேட்பாள். அவர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்வார்கள்.

சபையில், ஆண்டவர் தங்களுக்குச் செய்ததை ஒவ்வொருவராகச் சாட்சி சொல்லும் நாளில் அவளும் எழுந்து நிற்பாள். “எனக்குப் பாட வராது. நீட்டி முழக்கி ஜெபம் பண்ணவும் வராது. மனுஷன் உடம்பு ஆண்டவர் குடியிருக்கிற வீடுன்னு போதகர் சொன்னார். அந்த வீட்டைத் தொடச்சு வைக்கிறேன். அவ்வளவுதான்.” வலிக்கிற தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

நான்கு மாதத்துக்கு முன் கொத்தனாரான அவள் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பேச்சும் குழறியது. பகலில் பார்த்துக்கொள்ள அவருடைய தங்கை வந்து சேர்ந்தாள்.

“ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அண்ணனைத் திருப்பணும்மா. மறந்துறாத.”

“கடிகாரத்தையே கட்டிக்கிட்டு வந்திருக்கார் எங்கண்ணன். மறக்க விடுவீங்களா அண்ணி?”

பிறகு, கூட வேலை பார்த்தவள் பிரசவத்துக்குப் போனாள். மூன்று வாரம் இவளுக்கு இரட்டை டூட்டி. வந்ததும் கணவரின் முகத்தைத் துடைப்பாள், தலையில் கைவைத்து ஜெபிப்பாள், பாதி ஜெபத்திலேயே கண் சொக்கிவிடும். உடம்பு துடைப்பது, திருப்பிப் போடுவதெல்லாம் நாத்தனார்.

மூன்றாம் வாரம் அறையில் ஒரு வாடை. வார்டில் பழகிய வாடைதான். சீருடையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று சோப்புப் போட்டுத் துவைத்தாள். மறுநாளும் துவைத்தாள். அடுத்த நாள் சீருடை வெளியே கொடியில் கிடந்தது. வாடை அறைக்குள்ளேயே இருந்தது.

போர்வையை விலக்கினாள். வலது இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குக் குழி. நடுவில் வெள்ளையாக எலும்பு. மரத்துப்போன பக்கம் என்பதால் அவருக்கு வலிக்கவே இல்லை.

“திருப்பவே இல்லையா நீ?”

“திருப்பாம இருப்பேனா அண்ணி? திருப்பின உடனே அழ ஆரம்பிச்சுருவார். பழையபடி போட்டாத்தான் அடங்குவார். செவந்தப்பவே மருந்து தடவினேன். நீங்க துவண்டு போயி வர்றீங்க, எந்த வாயால சொல்ல?”

கணவரின் இடக்கை மெல்ல எழுந்து வாசலைக் காட்டியது.

“அந்தப் பக்கம்... செவுரு. நீ வர்றது... தெரியாது.”

அவள் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தலையணையை உருவிக் கால்மாட்டில் போட்டாள். இருவருமாக அவரைத் தூக்கித் தலைமாடு கால்மாடு மாற்றி, இடப்பக்கமாகப் படுக்க வைத்தார்கள். வாசல் அவருக்கு நேராக வந்தது. ஐந்து நிமிஷ வேலை.

“நல்லா... தெரியுது” என்றார். பாதி முகம் சிரித்தது.

நாத்தனார் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். “ஜெபம் பண்ணுங்க அண்ணி. ஆண்டவர் ஆத்துவார்.”

அவர் தலையில் கை வைத்தாள். ‘ஆண்டவரே’ என்று தொடங்கி நிறுத்தினாள். இப்படி எலும்பு தெரிய வந்தவர்கள் வார்டிலிருந்து எப்படிப் போனார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலை அதே வார்டில் கட்டில் கிடைத்தது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த நர்ஸ் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

“ஐயோ, சீழ் ரத்தத்துலயே ஏறியிருக்கும் போலிருக்கே! யாரு பாத்துக்கிட்டது இவர?”

நாத்தனார் வாயெடுத்தாள். அவளுடைய கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, இவள் சீருடையோடு முன்னால் வந்து நின்றாள்.

“நான்தான் சிஸ்டர்.”