கொடும்பாவி கட்டியிருந்த என் சேலை

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் எழுந்து போகிறவள் நான்தான். எட்டாவது வரை படித்தவள் என்ற திமிரும் கொஞ்சம் உண்டு. நான் சொல்லப்போவதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், ஆனால் பாதியில் சிரித்துவிடாதீர்கள், எனக்குக் கோபம் வந்துவிடும்.

எண்பதுகளின் தொடக்கம். மொரப்பூர் பக்கம் எங்கள் ஊரில் கிணறெல்லாம் வறண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டவே அடுத்த ஊருக்கு ஓட்டிக்கொண்டு போன காலம். மழை பொய்த்தால் எங்கள் பக்கம் கொடும்பாவி கட்டுவார்கள். வைக்கோலில் ஆள் உயரத்துக்கு ஒரு பொம்பளை பொம்மை, அவள் செய்த பாவத்தால்தான் மழை வரவில்லை என்று அர்த்தம். அவளைத் தெருத்தெருவாக இழுத்து, மாரடித்து ஒப்பாரி வைத்து, கடைசியில் பிணத்தை எரிக்கிற மாதிரியே ஊர் எல்லையில் கொளுத்துவார்கள். எனக்கு அதைப் பார்த்தால் சிரிப்புதான் வரும்.

பொம்மைக்குக் கட்ட என் வீட்டில் பழைய சேலை கேட்டார்கள். என்னிடம் இருந்தது ஒன்றுதான், என் மகள் செல்விக்குத் தூளி கட்டிய என் சேலை. அவளுக்கு அப்போது நாலு வயது, அதைப் பிடித்துக்கொண்டால்தான் தூக்கம் வரும். தெரிந்தால் அழுவாள் என்று அவள் விளையாடப் போன நேரத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டேன். செத்தவர்கள் சேலையைத்தான் கட்டவேண்டும், உயிரோடு இருக்கிறவள் சேலை ஆகவே ஆகாது என்பது எனக்குத் தெரியாது. வாங்கிப் போனவர்களும் அது இறந்துபோன என் மாமியாருடையது என்று நினைத்துக்கொண்டார்களாம்.

மறுநாள் மத்தியானம் செல்வியைக் காணோம். கிணறு கிணறாக எட்டிப் பார்த்துக்கொண்டு ஓடினேன். ஏரிக்கரைப் புளியமரத்தடியில்தான் கொடும்பாவியைக் கிடத்தியிருந்தார்கள். கிடத்தியிருந்தார்கள் என்றுதான் சொல்கிறேன், நானே காலையில் பார்த்தேன். இப்போது அது மரத்தில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தது. மடியில் என் குழந்தை முந்தானையைப் பிடித்தபடி தூங்குகிறாள், வைக்கோல் கை அவள் முதுகைத் தட்டிக்கொண்டிருக்கிறது. தட்டியதா, இல்லை காற்றில் ஆடியதா, இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். ஆனால் அன்று காற்றே இல்லை.

"செல்வி, எந்திரி, வூட்டுக்குப் போலாம்."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "நான் எங்கம்மாகிட்ட தூங்கறேன். நீ போ."

இழுத்தேன், வரவில்லை. பின்னாலேயே ஓடிவந்த என் நாத்தனாரும் சேர்ந்து இழுத்தாள். "ஏன் அண்ணி, வெறும் வைக்கோலு, இது என்ன இந்த இறுக்கு இறுக்குது!" என்று அவளும் அலறினாள். ஒருவழியாகப் பிய்த்துக்கொண்டு வந்து பார்த்தால் குழந்தையின் முதுகில் விரல் பதிந்த தடம். அந்தப் பொம்மைக்கு விரலே வைக்கவில்லை, கையை மொழுக்கென்று கயிற்றால் சுற்றியிருந்தார்கள். எவனாவது விளையாட்டுக்கு அதைத் தூக்கி உட்காரவைத்திருப்பான் என்றே வைத்துக்கொள்ளுங்கள், இந்தத் தடத்துக்கு என்ன சொல்வீர்கள்?

சேலையைத் திருப்பிக் கேட்டேன். "கட்டுனத அவுத்தா ஊருக்கே ஆகாதுங்க" என்று கொடுக்க மறுத்துவிட்டு, அன்று சாயங்காலமே கொளுத்தினார்கள். தொலைந்தது சனியன் என்று நான் செல்வியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். நெருப்பு சேலையைப் பிடித்ததுதான் தாமதம், இவள் "அம்மா! அம்மா!" என்று கத்தினாள். "நான் இங்கதாண்டி இருக்கேன்" என்றால் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், நெருப்பைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டிக் கத்துகிறாள். அடுத்த வாரமே நல்ல மழை. ஊரே கூத்தாடியது, எனக்கு மட்டும் சந்தோஷப்பட முடியவில்லை.

அதன்பிறகு ஒன்றும் ஆகவில்லை. நன்றாக வளர்ந்தாள், என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள், அன்பில் ஒரு குறை சொல்லமுடியாது. கம்பைநல்லூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். போன வருஷம் நான் அங்கே போயிருந்தபோது நல்ல மழை பிடித்தது. வாசல்படியில் உட்கார்ந்து பொலபொலவென்று அழுதுகொண்டிருந்தாள்.

"ஏண்டி அழுவற?" என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா. மழ வந்தா எங்கம்மா நெனப்பு வந்துருது" என்றாள்.

சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, டீ வைக்கட்டுமா என்று என்னைக் கேட்டாள். சரி வை என்றேன்.