‘பிரேவ்’ என்ற சொல்லை நான் படித்த விதம்

செவ்வாய்க்கிழமை காலைகளில் எங்கள் வகுப்பறையைக் கடந்து போகிறவர்கள் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். நரைத்த தலையுள்ள ஜெர்மன்காரர் ஏழெட்டுப் பேரும் நானும் கதிரைகளுக்குப் பின்னால் எழுந்து நின்று, எங்களில் ஒருவரும் பிறக்காத, ஒருவரும் குடியிருக்காத ஒரு நாட்டைப் புகழ்ந்து ஆங்கிலத்தில் பாடிக்கொண்டிருப்போம். கொலோன் நகரத்தில், வெளியே டிராம் ஓடும் சத்தத்துக்கு நடுவில், இது நடக்கிறது. படிப்பிக்கிறவர் மிஸ் ஹெலன். இங்கே கல்யாணம் கட்டி வந்த ஆங்கிலேயப் பெண். நாட்டுப்பற்றுப் பாட்டுகள்தான் கிழவர்களுக்கு நல்லது என்பது அவருடைய எண்ணம். அவை மெதுவாகப் போகும், வாயை நன்றாகத் திறந்து பாட வேண்டும், பாடிய வரியே திரும்பத் திரும்ப வரும். எனக்கும் அது சரியாகப் பட்டது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இலக்கணம் என்று தொடங்கினால் எனக்கு நித்திரை வந்துவிடும்.

பக்கத்துக் கதிரை ஹெர் குரூகர் மட்டும் பாடமாட்டார். ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எல்லோரோடும் எழுந்து நிற்பார், வாயை மூடிக்கொண்டு நிற்பார். ஒருநாள் கோப்பி குடிக்கும்போது ஏன் என்று கேட்டேன். “போர்க் காலத்தில் என் அப்பா இந்த மாதிரிப் பாட்டு நிறையப் பாடியவர்,” என்றார். இந்த நாட்டில் கால்பந்து நடக்கிற நாட்களில்தான் பல்கனிகளில் கொடி தொங்கும், ஆட்டம் முடிந்ததும் மடித்து உள்ளே வைத்துவிடுவார்கள். வந்த புதிதில் எனக்கு அது விளங்கவில்லை. பிறகு விளங்கியது. எங்கள் ஊர்ப் பக்கத்திலும் இயக்கத்துக்கு ஆள் சேர்க்க வான் வண்டியில் ஒலிபெருக்கி கட்டிப் பாட்டுப் போட்டுக்கொண்டு போன காலம் ஒன்று இருந்தது. அந்தப் பாட்டுக்குப் பின்னால் போன பிள்ளைகள் சிலர் திரும்பி வரவில்லை. அந்த மெட்டுகளில் ஒன்று இப்போது கேட்டாலும் எழுந்து போய் நிறுத்திவிடுவேன். ஆனால் மிஸ் ஹெலனின் பாட்டை நான் சத்தமாகவே பாடுவேன். அது யாருடைய நாடோ. அந்தப் பாட்டு என்னிடம் எதையும் கேட்காது.

நான் ஆங்கிலம் படிக்கப் போனது பேத்திக்காக. மகள் வதனி இங்கே வளர்ந்து, கனடாவுக்குக் கல்யாணம் கட்டிப் போனவள். அவளுடைய பிள்ளை ஆரணிக்கு ஏழு வயது, ஆங்கிலம் மட்டும்தான். என்னிடம் தமிழும் இருக்கிறது, உணவகச் சமையலறைகளில் பழகிய ஜெர்மனும் இருக்கிறது. இரண்டும் அவளிடம் போய்ச் சேராது. “ஹலோ அம்மப்பா”, “ஃபைன்”, “பை”. எங்கள் உறவு அவ்வளவுதான். “இந்த வயசில இங்கிலீஷ் படிச்சு ராணியோட கதைக்கப் போறியளோ?” என்று என் மனிசி நக்கலடித்தாள். “ராணியோட இல்லை, ராசாத்தியோட,” என்றேன்.

போன மாதம் வதனி போன் எடுத்தாள். பிள்ளைக்குத் தொண்டையில் சதை வெட்ட வேண்டுமாம். சின்ன ஒப்பரேஷன்தான், ஆனால் பிள்ளை பயந்து சாப்பிடாமல் இருக்கிறாள். “அப்பா, நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கோ. எங்கட கதையை அவள் கேக்கிறாளில்லை.”

அந்த ஒரு வார்த்தைக்கு எங்கே போவது? அந்தக் கிழமைப் பாட்டுத் தாளை எடுத்து எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். ஒரு சொல் கண்ணில் பட்டது. அதை எனக்கு முன்பே தெரியும்! வதனி இங்கே பாலர் பள்ளிக்குப் போன காலத்தில், பின்னேரம் கூட்டிவரப் போனால் ஆசிரியை சொல்லுவார், பிள்ளை இன்றைக்கு நல்ல ‘பிராவ்’ என்று. குழப்படி இல்லை, அழவில்லை, சொன்னதைக் கேட்டாள் என்று அர்த்தம். அகதி விடுதியில் இருந்தபோது எங்களையும் ஒரு அதிகாரி அப்படித்தான் மெச்சினார்: நீங்கள் தமிழர்கள் எல்லோரும் பிராவ். அந்த நேரத்தில் எங்களுக்கு அது பெரிய சான்றிதழ். ஆங்கிலத்திலும் அதே எழுத்துகள், கடைசியில் ஒன்று கூட, உச்சரிப்புத்தான் ‘பிரேவ்’. குழப்படி இல்லாதவர்கள் வாழும் நாடு என்று புகழ்ந்து பாடுகிறார்கள் என்று நினைத்தேன். நல்ல அயலவர்கள் கிடைப்பதும் லேசான காரியமா?

“ஆரணி, டொக்டர் கம், யூ பி பிரேவ்,” என்றேன் போனில். அந்தப் பக்கத்திலிருந்து மெல்லிய குரலில் “ஓகே, அம்மப்பா” என்று வந்தது. எனக்கு அன்றைக்குப் பெருமை பிடிபடவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை மிஸ் ஹெலன் சொற்களுக்கு அர்த்தம் கேட்டார். இந்தச் சொல் வந்ததும் நான் கையை உயர்த்தினேன். “சத்தம் போடாமல் இருக்கிறது. சொன்னதைக் கேட்கிறது,” என்றேன் ஜெர்மனில். வகுப்பே சிரித்தது. பாடாத ஹெர் குரூகரும் சிரித்தார். பிறகு என் தோளில் கையை வைத்து, “அது ஜெர்மனில். ஆங்கிலத்தில் துணிவுள்ளவன். அந்தப் பெயரை வாங்கியவர்களில் பாதிப் பேர் சொன்னதைக் கேட்டு அடங்கி நடக்காதவர்கள்,” என்றார்.

நான் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் ஒப்பரேஷன். வாயை மூடிக்கொண்டு கிட என்று சொல்ல நினைத்து, அதற்கு நேர்மாறானதை அந்தப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டேன். திருத்திச் சொல்லலாம் என்றால் அதற்குரிய ஆங்கிலமும் என்னிடம் இல்லை. வீட்டுக்கு வந்து மனிசியிடம் சொன்னேன். “குழப்படி பண்ணாதை எண்டு சொல்லப் போய், குழப்படி பண்ணச் சொல்லிப்போட்டியளோ?” என்றவள், சோறு போட்ட கையோடு போனுக்குப் பக்கத்தில் வந்து இருந்துகொண்டாள்.

பின்னேரம் வதனி எடுத்தாள். எல்லாம் நல்லபடி முடிந்ததாம். “ஆனா அப்பா, என்ன சொல்லிக் குடுத்தனீங்கள் இவளுக்கு? டொக்டர் மயக்கம் குடுக்கிற முகமூடியோட வர, கையைக் காட்டி மறிச்சுப்போட்டாள். ‘எனக்குப் பயமாக் கிடக்கு, முதல் அதை என்ர கையில தாங்கோ, பாக்க வேணும்’ எண்டு நிண்டவள். அந்தாளும் பாவம், நிண்டு எல்லாத்தையும் விளங்கப்படுத்தினது. பிறகு தானே மூடியைப் பிடிச்சு மூக்கில வைச்சாள். அம்மப்பா பிரேவா இருக்கச் சொன்னவர் எண்டு நேர்ஸுக்கும் சொல்லியிருக்கிறாள்.”

பிள்ளையிடம் போனைக் கொடுத்தாள். தொண்டை கரகரத்த குரல். “ஐ வாஸ் பிரேவ்.” பிறகு, ஒரு மூச்சு விட்டு, “அம்மப்பா, ஆர் யூ பிரேவ்?”

ஜெர்மன்காரர் கேட்டிருந்தால் உடனே ஓம் என்றிருப்பேன். சத்தம் போடக்கூடாத ஞாயிற்றுக்கிழமையில் சுவரில் ஆணி அடித்ததில்லை. வரிசையில் முந்தியதில்லை. சமையலறையில் முதலாளி கத்தினால் கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்றிருக்கிறேன். ஆனால் பிள்ளை கேட்டது வேறு சொல்.

“இன் ஜெர்மனி, யெஸ்,” என்றேன்.

“அண்ட் இன் கனடா?”

“அங்க வந்து சொல்லுறன், குஞ்சு,” என்றேன். அது தமிழில்தான் வந்தது.

என்ன சொல்கிறார் என்று அவள் தாயைக் கேட்பதும், வதனி அதை ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்வதும் கேட்டது. நான் சொன்னதைவிட அது நீளமாக இருந்தது. என்னவெல்லாம் சேர்த்துச் சொன்னாளோ தெரியாது. போனைக் காதில் வைத்தபடி, எனக்குத் தெரிந்த அந்த ஒரு சொல் அதில் வருகிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.