அண்ணனுக்குக் கிடைத்த ஒரே ஒரு 'டா'

என் அண்ணன் பூனையைக்கூட "வாங்க" என்றுதான் கூப்பிடுவான். பூனை வராது. இவ்வளவு மரியாதை கொடுக்கிறவனிடம் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று அது நினைத்திருக்கலாம். நான் கூடப் பிறந்த தங்கை, அவனைவிட ஆறு வயது சின்னவள். எனக்கும் 'நீங்க'தான். நான் அவனை 'நீ' என்பேன், அவன் என்னை 'நீங்க' என்பான். பக்கத்தில் இருந்து கேட்பவர்கள் நான்தான் மூத்தவள் என்று முடிவு கட்டி, எனக்கு எழுந்து இடம் கொடுப்பார்கள்.

அவனுக்கு இப்போது நாற்பத்திரண்டு. பேருந்தில் யாராவது அவன் காலை மிதித்தால் அவன்தான் மன்னிப்புக் கேட்பான். இந்தப் பிள்ளைப்பூச்சியைப் படிப்பு முடிந்த கையோடு ஒரு தொலைபேசி நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். ஆறு வருஷம். பில் தப்பாக வந்தவன், லைன் கிடைக்காதவன், வீட்டில் பெண்டாட்டியோடு சண்டை போட்டவன் எல்லோரும் போன் போட்டு இவனை வாய்க்கு வந்தபடி ஏசுவார்கள். "புரியுதுங்க சார், சொல்லுங்க சார்" என்று கேட்டுக்கொள்வான். லைனைத் துண்டித்ததும் இழுப்பறையில் இருந்து ஒரு நோட்டை எடுத்து, அந்த ஆளிடம் என்ன சொல்லியிருக்க வேண்டுமோ அதை எழுதி வைப்பான். அங்கிருந்து கிளம்பியபோது அப்படி ஒன்பது நோட்டுகள் சேர்ந்திருந்தன.

கடப்பாரை பிறந்தது அந்த நோட்டுகளில் இருந்துதான்.

கடப்பாரை என்பவன் எங்கள் கம்பெனி செய்யும் வீடியோ கேமின் கதாநாயகன். டயர்க் கடைக்கு மேல் மாடியில் ஒரே நீள அறை, பதினோரு பேர், அதுதான் கம்பெனி. அண்ணன் வசனம் எழுதுகிறான். நான் விளையாடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கிறேன். ஓரத்தில் பழைய மெத்தைகளைச் சுவரில் அறைந்த ஒரு சாமான் அறை இருக்கிறது. குரல்காரர் அதற்குள் நின்று வசனம் பேசுவார். கீழே டயருக்குக் காற்றடிக்க ஆரம்பித்தால் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்.

கடப்பாரைக்குக் கழுத்து கிடையாது, தோளில் இருந்து நேரே தலை. பேச்சு மட்டும் ஏழு ஊருக்குக் கேட்கும்.

"என் மீசை நிழல்ல நாலு பேர் மழைக்கு ஒதுங்குவாங்கடா."

"என் சட்டைக்குப் பட்டன் கிடையாதுடா. பட்டனுக்குப் பயம்."

"வலி ஒருதடவை என்கிட்ட வந்துச்சுடா. அட்ரஸ் தப்புன்னு திருப்பி அனுப்பிட்டேன்."

இதை எல்லாம் எழுதியவன் எதிரே உட்கார்ந்து, பிஸ்கட் டீயில் விழுந்துவிட்டதே என்று கரண்டியால் தேடிக்கொண்டிருப்பான். முதல் கேம் நன்றாக ஓடியது. இரண்டாவது கேம் முடிகிற கட்டத்தில் வந்தது வினை. எந்த வயதுப் பிள்ளைகள் எந்த விளையாட்டை ஆடலாம் என்று முத்திரை குத்தும் அலுவலகத்தில் இருந்து கடிதம். ஆம்பளைத் திமிர் அளவுக்கு மீறி இருக்கிறதாம். எதிரிகளை ஒருமையில் ஏசுவதைக் குறைக்க வேண்டுமாம், முக்கியமாக 'டா'வை அறவே எடுக்க வேண்டுமாம். நான் எண்ணிப் பார்த்தேன், அறுநூற்றுப் பன்னிரண்டு 'டா' இருந்தது.

முதலாளி கடிதத்தை எல்லோருக்கும் வாசித்தார். "முத்திரை கிடைக்கலைன்னா எந்தக் கடைக்காரனும் கேமைத் தொட மாட்டான். கீழ டயர்க் கடையில ஆள் வேணுமான்னு இப்பவே கேட்டு வெச்சுக்கோங்க."

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் "சரிங்க" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீ குடிக்கப் போன இடத்தில் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்ணா, உனக்குக் கோபமே வராதா?"

"வருதுங்க. வந்து உள்ளயே உட்கார்ந்துக்குது."

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "ஆறு வருஷம் கேட்டதுக்கெல்லாம் பதில் அதுலதாங்க இருக்கு. அந்த 'டா'வை எடுத்துட்டா மறுபடியும் 'சொல்லுங்க சார்' ஆயிடும். ஆனா பதினோரு பேர் சோறு இருக்கே. ஒரு வாரம் டைம் கேட்டிருக்கேன், பார்ப்போம்."

அந்த ஒரு வாரத்தை முதலாளி கொடுத்தால்தானே. இவன் என்னமோ கல்வெட்டு செதுக்குகிறான் என்று அவருக்கு எரிச்சல். அண்ணன் பல் பிடுங்கிக்கொண்டு மூன்று நாள் லீவு போட்டிருந்த நேரம் பார்த்து, அவரே கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். 'டா' வரும் இடமெல்லாம் 'ங்க' போடு என்று ஒரே தட்டு. வாடா போய் வாங்க வந்தது, போடா போய் போங்க வந்தது. முதல் பக்கத்தைப் பார்த்து, தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு, மொத்தத்தையும் சாமான் அறைக்கு அனுப்பிவிட்டார்.

குரல்காரர் தொழில் பக்தி உள்ள மனிதர். தாளில் இருப்பதைப் பேசுவார், அர்த்தம் கேட்க மாட்டார். இரண்டே நாளில் அத்தனையும் பேசி முடித்தார். கேமை உடனே முத்திரை அலுவலகத்துக்கு அனுப்பிய பிறகுதான் என் கைக்கு ஒரு பிரதி வந்தது. ஹெட்போனை மாட்டி ஆட ஆரம்பித்தேன். கடப்பாரை ஒரு மலையைப் பிளந்துகொண்டு வெளியே வந்தான். மீசையை முறுக்கினான். அடிவயிற்றில் இருந்து கர்ஜித்தான்.

"வேண்ங்கம்! என்கிட்ட மோதக் கூங்கது! முட்ங்களே, ங்கக்டரைக் கூப்பிடு!"

நான் நாற்காலியில் இருந்து சரிந்துவிட்டேன். வேண்டாம், கூடாது, முட்டாள், டாக்டர் எல்லாவற்றுக்குள்ளும் ஒரு 'டா' ஒளிந்திருக்கிறது என்று முதலாளிக்குத் தோன்றவே இல்லை. 'கொண்டாட்டம்' கொண்ங்கட்டமாகி இருந்தது. குரல்காரர் ஒவ்வொன்றையும் உயிரைக் கொடுத்துப் பேசியிருந்தார். அண்ணன் வந்து கேட்டான். ஒரு கன்னம் வீங்கியிருந்தது, அதனால் சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் முத்திரை அலுவலகத்து அம்மா நேரிலேயே வந்துவிட்டார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பையில் இருந்து ஒரு பட்டியலை எடுத்து மேசையில் வைத்தார்.

"பழைய வார்த்தையை எடுக்கச் சொன்னா, அறுபத்துமூணு புதுக் கெட்ட வார்த்தை சேர்த்திருக்கீங்க. இத்தனை வருஷ சர்வீஸ்ல நான் கேட்காத வார்த்தையே இல்லை. இந்த 'முட்ங்கள்'னா என்ன? யாரோட எந்த உறுப்பு அது?"

முதலாளி உத்தரத்தைப் பார்த்தார். அண்ணன் எழுந்து நின்று, பட்டியலை வாங்கி, ஒவ்வொன்றாக அர்த்தம் சொன்னான். இது 'கண்டால்' அம்மா. இது 'பட்டாசு' அம்மா. இது 'டார்ச் லைட்' அம்மா. அந்த அம்மா பதினைந்தாவது வார்த்தையில் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்து முடித்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

"தம்பி, எனக்கு உங்க மேல கோபம் இல்லை. என் தங்கச்சி பையன் உங்க முதல் கேமை ஆடிட்டு, 'பெரியம்மா, வழிய விடுடா'ங்கறான். நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

அவர் சொன்னது நியாயம்தான். நாள் முழுக்க அந்தக் கத்தலைக் காதில் வாங்குகிறவள் நான், உண்மையைச் சொன்னால் எனக்கே சில நாள் அந்தக் கடப்பாரையை அறையலாம் போல் இருக்கும். அண்ணன், "ஒரு வாரம் குடுங்கம்மா. இந்தத் தடவை நானே எழுதறேன்" என்றான்.

இந்த முறை முதலாளி கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. அண்ணன் ஒன்பது நோட்டுகளையும் மேசையில் அடுக்கிக்கொண்டு மூன்று நாள் சும்மா உட்கார்ந்திருந்தான். நாலாம் நாள் நோட்டுகளை மூடிவிட்டான். அவற்றில் இருந்தது அவன் சொல்ல நினைத்தது. இப்போது, புகார்ப் பிரிவில் வாயால் உண்மையில் என்ன சொன்னானோ அதை எழுத ஆரம்பித்தான்.

எழுதியதை எனக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டினான். ஐம்பது எதிரிகள் கத்தியோடு ஓடிவருகிறார்கள். கடப்பாரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

"வணக்கம். உங்கள் உதை எங்களுக்கு முக்கியமானது. தயவுசெய்து வரிசையில் காத்திருக்கவும்."

முதல் ஆள் பறந்துபோய் விழுகிறான்.

"ஐயா, கொஞ்சம் தள்ளி விழுறீங்களா? பின்னால ஆள் வர்றாங்க."

அடுத்தவனின் தாடையைப் பிடித்துக்கொண்டு, "பல்லை எண்ணி வெச்சுக்கோங்க சார். அப்புறம் குறையுதுன்னு புகார் குடுத்தா எங்களால ஒண்ணும் செய்ய முடியாது."

நான் சிரித்த சிரிப்பில் கீழே டயர்க் கடைக்காரர் மேலே வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். குரல்காரரும் முதல்முறையாகத் தாளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: "இதைக் கத்திச் சொல்லணுமா, மெதுவாவா?" மெதுவாகத்தான் என்றான் அண்ணன். மெதுவாகச் சொன்னபோது எனக்கு முதுகு சில்லிட்டது.

அந்த அம்மா மறுபடி வந்து முழுதும் கேட்டார். சிரிப்பை அடக்கப் பார்த்ததில் கண்ணாடி இரண்டு முறை மூக்கில் இருந்து நழுவியது. "ஒரு வார்த்தைகூடத் தப்பா இல்லை. ஆனா முன்னைவிட இவனைப் பார்த்தாத்தான் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும்போது அண்ணனின் முகத்தைப் பார்த்திருப்பார் போல. "விதிப்படி ஒரே ஒரு இடத்துல முரட்டு வார்த்தை இருக்கலாம், தம்பி. அது உங்க உரிமை. ஒரு 'டா' வெச்சுக்கோங்க. ஒண்ணே ஒண்ணு."

ஆளாளுக்கு யோசனை சொன்னோம். கடைசி வில்லனை அடிக்கும் இடத்தில் வை என்றார் முதலாளி. கேம் திறந்ததும் முதல் வார்த்தையே 'டேய்' என்று இருந்தால் தன் குரலுக்கு எடுப்பாக இருக்கும் என்றார் குரல்காரர், அது 'டா' கணக்கில் வராது என்று ஒரு வாதமும் வைத்தார். அண்ணன் எல்லோருக்கும் "சரிங்க" சொன்னான். நாலு நாள் அந்த ஒரு 'டா'வை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நடமாடினான். ஐந்தாம் நாள் குரல்காரரைக் கூட்டிக்கொண்டு சாமான் அறைக்குள் போனான், இரண்டே நிமிஷத்தில் வெளியே வந்தான். எங்கே வைத்தாய் என்றால் சொல்லவில்லை.

மறுநாள் கடைசிச் சோதனை. சோதனைக்காரிக்குச் சாவது பாதி வேலை. எந்தப் பள்ளத்தில் விழுந்தால் என்ன ஆகிறது, எந்த அம்பு பட்டால் கேம் நின்றுபோகிறது என்று பார்க்க ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது நான் சாக வேண்டும். புதுக் கேமில் செத்தால் திரை கறுத்துவிடும், அங்கே பேச்சே கிடையாது. அன்று தொங்குபாலத்தில் கால் தவறி விழுந்தேன். திரை கறுத்தது. அந்த இருட்டில் அதே குரல், கர்ஜனை எதுவும் இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொட்டுச் சொல்வதுபோல் சொன்னது:

"எழுந்திருடா."

நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பினேன். அண்ணன் தன் கீபோர்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, இதை யார்கிட்ட சொல்றான்? அங்க எதிரியே இல்லையே."

"விளையாடறவங்ககிட்டங்க."

"நாள் பூரா விளையாடறது நான்தான்."

அவனுடைய இரண்டு காதும் சிவந்துவிட்டன. துடைப்பதை நிறுத்தாமல், "உங்ககிட்டதாங்க" என்றான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது, இதில் மறைக்க என்ன இருக்கிறது. ஆறு வருஷம் ஏசியவர்களில் ஒருத்தனுக்காவது திருப்பிக் கொடுக்கவென்று அவன் கையில் மிஞ்சியது அந்த ஒன்றுதான். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மறுபடியும் அதே பாலத்துக்குப் போனேன். அன்று ஆபீசைப் பூட்டும்வரை வேண்டுமென்றே விழுந்து விழுந்து செத்துக்கொண்டிருந்தேன்.